கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு

எஸ்பியர்க் என்ற துறைமுக ஊரில் சில காலைகளில் கடல் மூடுபனியாக எழுந்து, துறைமுகத்தைத் தாண்டி, வீட்டு வாசல்வரை வந்து நிற்கும். அப்படியான நாட்களில் சைக்கிள் மிதிக்கும்போது, வேலைக்குத்தான் போகிறோமா, இன்னும் தலையணையில் கிடந்து கனவு காண்கிறோமா என்று கிருசாந்திக்கே விளங்குவதில்லை. எதிரே வருகிறவர்கள் முதலில் வெறும் மணியோசையாக வருவார்கள். கிட்ட வந்த பிறகுதான் அவர்களுக்குத் தலையும் தோளும் முளைக்கும். அந்த வெள்ளைக்குள் அவள் மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவாள்.

யாழ்ப்பாணத்தில் அவள் முழு நேர்ஸ். தாரகனைக் கட்டிக்கொண்டு டென்மார்க்குக்கு வந்த அன்றே அரை நேர்ஸ் ஆகிவிட்டாள். இங்கே உரிமம் வேண்டுமென்றால் மொழிப் பரீட்சை தேற வேண்டும். பிறகு ஓர் ஆஸ்பத்திரி வாட்டில் சோதனைக் காலம் வேலை செய்து, இவள் சரி என்று அந்த வாட்டில் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். மொழியை அவள் எப்படியோ மென்று விழுங்கிவிட்டாள். அவள் போய்ச் சிக்கியது ஒரு சட்டைப் பொத்தானில்.

பொத்தானுக்குச் சொந்தக்காரர் எய்னர். வாழ்நாள் முழுவதும் கடலில் மீன் பிடித்தவர்; பாரிசவாதம் வந்து வலது கை சொன்னபடி கேட்பதில்லை. காலையில் அவர் சட்டையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்ததும் கிருசாந்தியின் கை தானாகவே போய்விடும். பொத்தான் பூட்டுவாள், காலுறை போடுவாள், பாணுக்குப் பட்டர் பூசிக் கையில் கொடுப்பாள். எய்னரும் நல்ல பிள்ளை மாதிரி இருந்துகொள்வார். தனக்கு இவ்வளவு கெட்டித்தனமா என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

பிரிவுத் தலைவி ஆனெ-மெத்த அவளை ஒருநாள் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனாள். தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்று காட்டினாள்.

"இப்படி நிற்கப் பழகு, கிருசாந்தி. எய்னர் தனியாக இருக்கிற மனிதர். கோடை முடிவில் வீட்டுக்குப் போகிறார். அங்கே பொத்தானை யார் பூட்டுவார்கள்?"

"அவர் கஷ்டப்படுகிறாரே."

"கஷ்டப்படட்டும். அது அவருடைய வேலை. அதை நீ எடுத்துச் செய்துவிடுகிறாய்."

இடைக்கால மதிப்பீட்டிலும் அதையே எழுதிவிட்டார்கள்: மருந்து சரி, அறிவு சரி, அளவுக்கு மிஞ்சி உதவுகிறாள். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்கள். உதவினதற்காக ஒருத்தியைப் பெயிலாக்குகிற நாட்டை நீங்கள் வேறெங்கே கண்டிருக்கிறீர்கள்? எங்கள் ஊர் வாட்டில் ஒரு நேர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், நோயாளியின் சொந்தபந்தம் முழுவதும் சண்டைக்கு வந்துவிடும்.

அந்தப் புண் ஆறுவதற்குள் தாரகனின் செய்தி வந்தது. தாரகன் எஸ்பியர்க்கில் பிறந்து வளர்ந்தவன். டென்மார்க் இராணுவத்தில் சார்ஜன்ட். ஒரு பின்னேரம் முகாமிலிருந்து வந்தவன் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றான்.

"நெதர்லாந்துக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கினம். அங்கை இருக்கிற நேட்டோத் தலைமையகம் ஒண்டுக்கு. மூண்டு வருஷம். வீடும் தருவினம், மனுசியையும் கூட்டிக்கொண்டு போகலாமாம்."

"எப்பவாம்?"

"செப்டம்பர்."

"அப்ப என்ரை லைசன்ஸ்?"

அதையும் அவன் விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தான். படையினரின் குடும்பங்களுக்கு வழி சொல்லவென்றே முகாமில் ஓர் ஆலோசகி இருக்கிறாள். அவள் எல்லா வழிகளையும் பொறுமையாகச் சொல்லியிருந்தாள். உரிமம் கிடைக்குமுன் போனால் இங்கே செய்தது அவ்வளவும் வீண். அங்கே டச்சு மொழியில் அனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும். உரிமத்தோடு போனாலும் அங்கே அது இலேசில் செல்லாது. இங்கே சில வருடம் வேலை செய்த அனுபவம் கேட்பார்கள். படையின் மருத்துவப் பிரிவிலேயே சேரலாமென்றால் குடியுரிமை வேண்டும். அது கிருசாந்தியிடம் இல்லை. சார்ஜன்டின் பதவிப் பட்டி எந்த எல்லையைத் தாண்டினாலும் தோளிலேயே இருக்கும். சார்ஜன்டின் மனைவி படித்த படிப்பு எல்லையில் இறங்கிவிடும்.

கோல்டிங் நகரத்திலிருந்து மாமி, தாரகனின் தாய் தவமலர், தொலைபேசியில் வந்தாள். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடாதை பிள்ளை. நான் வேறையொண்டும் சொல்லேல்லை." டென்மார்க்கில் உண்மையாகவே ஓர் அரசர் இருப்பதால் அந்தப் பழமொழி அன்று கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது.

அந்தக் கோடை இரவுகளில் வெளிச்சம் போக மனமில்லாமல் சன்னலிலேயே தங்கிக் கிடந்தது. திரையை இழுத்துவிட்டாலும் அறை பாலாடை நிறத்தில் மிதக்கும். அதற்குள் உறங்கும்போது ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. அவளுடைய கைகள் இரண்டும் அவளை விட்டிறங்கி, மூடுபனிக்குள் தனியாகப் போகின்றன. துறைமுகத்தில் நிற்கிறவர்கள், சந்தையில் நிற்கிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள் என்று ஊர் முழுவதற்கும் பொத்தான் பூட்டுகின்றன. ஒருவரும் மறுப்பதில்லை. எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு கனிவாக நிற்கிறார்கள். கடைசியில் தாரகன் வருகிறான். அவனுடைய சீருடையில் பொத்தானே இல்லை. கைகள் அவன் மார்பில் தடவித் தடவித் தேடுகின்றன. விழித்துக்கொண்டால் அவன் பக்கத்தில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்ன யோசிக்கிறீர்கள் என்று அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் அந்தக் காலை வந்தது. அன்றும் மூடுபனி. வாட்டின் சன்னல்களுக்கு வெளியே உலகமே இல்லை. எய்னர் மறுநாள் வீட்டுக்குப் போகிறவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நீலச் சட்டையைத் தோளில் போட்டிருந்தார். வாசலருகே ஆனெ-மெத்த சும்மா நிற்பது போல நின்றாள். கிருசாந்தி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்ள வைத்தாள்.

முதல் பொத்தான் துளையைத் தேடிப் போய் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. எய்னர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய சலுகையைக் கேட்டார். அவள் அசையவில்லை. அறைக்குள் நேரம் பஞ்சு மாதிரி உப்பியது. பின்னால் அவளுடைய விரல்கள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டன. கிழவர் கடல்காரர்களின் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பொத்தானைத் திட்டினார். அடுத்த தடவை அது நுழைந்தது. பிறகு இரண்டாவது. கடைசிப் பொத்தானுக்கு வந்தபோது அவர் நெற்றியில் வியர்வை.

"பார்த்தாயா?" என்றார், அவளைப் பார்த்து.

அந்த முகத்தைக் கிருசாந்தி இத்தனை மாதத்தில் ஒருநாளும் கண்டதில்லை. இவ்வளவு காலமும் இந்த முகத்தையல்லவா நான் மறைத்துக்கொண்டு நின்றேன் என்று வெட்கமாக இருந்தது. கூடவே, சொல்லத் தெரியாத ஒரு மகிழ்ச்சி. மத்தியானம் ஆனெ-மெத்த அவள் கையைக் குலுக்கி, "இனி நீ எங்கள் தாதி. மேலே சரி என்று எழுதி அனுப்புகிறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது பனி விலகி, முற்றம் முழுக்க வெயில். தாரகன் சமையலறையில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் செய்தியைச் சொன்னதும் கத்தியை வைத்துவிட்டு அவளைத் தூக்கிச் சுற்றினான்.

"எனக்குத் தெரியும் நீர் பாஸ் எண்டு! அதுதான் நான் மேஜரிட்டைச் சொல்லிப்போட்டன், நெதர்லாந்துக்குப் போகேல்லை எண்டு. நீர் ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை. எல்லாம் நான் பாத்திட்டன்."

இதைத்தானே அவள் இத்தனை நாளும் வேண்டிக்கொண்டிருந்தாள்! நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவனுடைய வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஏனப்பா, என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"உமக்காகத்தானே செய்தனான்."

"அது தெரியும். உங்களுக்குப் போக விருப்பமோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

"அது பெரிய விஷயமில்லை."

"நான் பெரிசோ சின்னனோ எண்டு கேக்கேல்லை."

தாரகன் வெங்காயத்தைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான். அவனுக்கான பதில்கள் எல்லாம் அவள் வாய்க்குள் வந்து நின்றன. 'உம்மை விட்டிட்டு எனக்கென்ன போக்கு' என்ற ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் அவன் நன்றியோடு வாங்கிச் சொல்லியிருப்பான். இருவரும் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அடுப்பில் சட்டி காய்ந்து புகைந்தது. அதைக்கூட அவள் போய் இறக்கவில்லை.

அவன்தான் போய் அடுப்பை நிறுத்தினான். அவளுக்கு முதுகு காட்டியபடியே நின்றான்.

"ஓம்," என்றான். "எனக்குப் போக விருப்பம். சரியான விருப்பம். கேட்ட நாளிலையிருந்து நித்திரை இல்லை." பிறகு திரும்பி, ஏதோ களவு செய்தவன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான். "நீரும் வாரும் எண்டு கேக்க ஏலாது. அதுதான் சொல்லேல்லை."

அவள் அவனிடமிருந்து கேட்டுவிடக் கூடாதென்று பயந்திருந்த பதில் அதுதான். நன்றாக வலித்தது. ஆனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவன் தனக்கென்று ஒரு விருப்பத்தைச் சொன்னது அன்றைக்குத்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"மேஜருக்கு நாளைக்குக் கோல் எடுத்து, போறன் எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

"நீர்?"

"நான் இஞ்சை நேர்ஸ். சில வருஷம் வேலை செய்தால்தானே அங்கையும் ஏற்பினம்? லீவு வரேக்கை ரயில் இருக்கு."

"தனிய இருப்பீரோ?"

"இருப்பன்," என்றாள் கிருசாந்தி. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "நீங்கள் போயிட்டு வாங்கோ."

சொல்லிவிட்டு அழுதாள். அவன் கண்ணீரைத் துடைக்க வரவில்லை. வெங்காயக் கையோடு பக்கத்தில் வந்து நின்றான்.