அட்டையில் ஒரு பல்வலி

என் வீட்டுக்காரருக்குத் தையல்கடையைப் பூட்டுவதென்றால் உயிரே போய்விடும். பல் பிடுங்குவதற்காக ஒருநாள் பூட்டியே ஆகவேண்டும் என்றானதும், "பூட்டினதே பூட்டினோம்" என்று அன்றைக்கே அடையாள அட்டைக்கும் படம் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். இடது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. வேண்டாம் என்று போகும்போதே தலையில் அடித்துக்கொண்டேன். மனுஷன் கேட்டால்தானே!

அந்தக் கன்னம்தான் படகுத்துறை வாசலில் எங்களை மறித்தது.

அக்கரையில் மகளுக்குத் தலைப்பிரசவம். "ஆபரேஷன்தானாம்மா. அப்பாவைப் பார்த்துட்டுத்தான் உள்ளே போவேன்" என்று காலையில் போனில் அழுதாள். இந்தப் படகை விட்டால் அடுத்தது சாயங்காலம். டாக்டர் அதுவரை காத்திருப்பாரா?

வாசலில் முகம் பார்க்கும் கேமரா. நான் நின்றேன், பச்சை எரிந்து கதவு திறந்தது. அவர் நின்றார், சிவப்பு. மறுபடியும் நின்றார், மறுபடியும் சிவப்பு. நான் உள்ளே, அவர் வெளியே. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"அட்டையில இருக்கிறது நீங்கதானா சார்?" என்றாள் காவல் பெண்.

"நான்தாம்மா. அன்னைக்குப் பல்வலி."

"மெஷினுக்குப் பல்வலியெல்லாம் தெரியாதே!"

நல்ல மனசுக்காரி. மாடியில் மெஷினைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் போட்டு, "ரொம்பக் கெடுபிடியா இருக்கு, கொஞ்சம் தளர்த்தி வைங்க" என்றாள்.

வழியனுப்ப வந்த என் தம்பிக்கு எதிலாவது மூக்கை நுழைக்காவிட்டால் தூக்கம் வராது. "சும்மா நின்னா ஆகாது அத்தான். அன்னைக்கு மாதிரி கன்னத்தை இப்படி உப்புங்க" என்று அவரைத் தள்ளிவிட்டு, கேமரா முன்னால் தானே உப்பிக் காட்டினான்.

பச்சை! கதவு திறந்தது. திரையில் என் வீட்டுக்காரர் பெயர், பக்கத்தில் 'நல்வரவு'.

அவர் வழுக்கை, இவன் கரடி. மூக்கும் முழியும் எங்காவது ஒத்துப்போகிறதா? வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

காவல் பெண் சிரிக்கவில்லை. "முறுக்கினா உரியவரை விடமாட்டேங்குது, தளர்த்தினா யாரை வேணும்னாலும் விடுது. இதை நம்பித்தானே இத்தனை பேரை உள்ளே அனுப்பியிருக்கேன்!" என்று மெஷினை அணைத்தாள். அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, இவர் உங்க வீட்டுக்காரர்தானா?"

படகு ஊதியது. "வேற நல்லவரா ஒருத்தர் இருந்தா மாத்திக் கொடும்மா, கூட்டிட்டுப் போறேன். முதல்ல கதவைத் திற!"

"சார், வாயைத் திறங்க."

படத்தில் வீங்கியிருந்த அதே பக்கம், கடைவாயில் ஒரு பல் இல்லை.

"போங்க, ஓடுங்க!" என்றவள் தம்பியின் சட்டையைப் பிடித்தாள். "நீங்க எங்க போறீங்க? மேலதிகாரி வந்ததும் இதே மாதிரி உப்பிக் காட்டணும்."

ஆஸ்பத்திரியில் தலைக்கு உறை, வாய்க்கு மாஸ்க், கணுக்கால் வரை அங்கி என்று எங்களை மூடிவிட்டார்கள். எனக்கே அவரைப் பார்த்தால் யாரோ டாக்டர் போலிருந்தது. மகளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிட்டிருந்தார்கள்; அது இல்லாவிட்டால் அவளுக்குக் கையெட்டும் தூரம்தான் தெரியும். நாங்கள் நடைகூடத்தின் கோடியில் நுழைந்ததுமே தலையைத் தூக்கினாள்.

"அப்பா! ஏம்ப்பா இவ்வளவு நேரம்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கடையைப் பூட்டிட்டு வரணும்ல கண்ணு" என்றார். "ஒரு மாசத்துக்குப் பூட்டிட்டேன்."

அது எனக்கே அப்போதுதான் தெரியும்.