ஊரோடு போகாதவர்கள்

ரயில் வரும் என்று நம்பி அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் ஒரு மூலையில் எல்க் ஓடை ஊரைக் கட்டியவர்களுக்கு ரயில்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். தண்டவாளம் தெற்கே ஏழு மைல் தள்ளிப் போனது. ரயில் வராவிட்டால் என்ன, நாமே அதனிடம் போவோம் என்று கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். மர வீடுகள்தானே. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் உத்தரங்களைச் செருகி, சக்கரம் கோத்து, குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். முடிதிருத்துகிறவர் போகிற போக்கிலேயே ஒருவருக்குச் சவரம் செய்தார்; அந்த ஆளின் அறுபட்ட காதைச் சொல்லி இன்றும் சிரிக்கிறார்கள். தேவாலய மணி யாரும் இழுக்காமலே வழி நெடுக அடித்துக்கொண்டு போனது. அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் அதைத் திருவிழா மாதிரிதான் சொல்வார்கள். கடைசியாக நின்ற வீட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அது லொவினா ஹாக்கெட்டின் வீடு. தையல் வேலை செய்து தனியாகப் பிழைத்தவள். புருஷன் அமோஸ் ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில் விஷக்காய்ச்சலில் போனான். அதே காய்ச்சலில் அவளும் நினைவில்லாமல் கிடந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. வசந்தத்தில் பிறந்த பெண் குழந்தை பத்து நாள்கூடத் தங்கவில்லை. ஊர்க் கல்லறை மேட்டில் அமோஸின் பெயர் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் குழந்தையைப் புதைத்தார்கள். அப்பன் பக்கத்தில் இருக்கிறாள், பயமில்லை என்று லொவினா மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

"ரெண்டு பேரையும் எடுத்து வண்டியில வைங்க. அப்புறம் என் வீட்டத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் ஒரு வாரம் மழை என்றார்கள், மறு வாரம் குதிரைக்குக் கால் சரியில்லை என்றார்கள். லொவினா அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்தாள்.

அதற்குள் ஊரே காலி. வீடுகள் இருந்த இடத்தில் நிலவறைப் பள்ளங்கள் வாயைப் பிளந்து கிடந்தன. காலையில் அடுப்பு மூட்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அவள் வீட்டுப் புகை மட்டும்தான். பேச்சுத் துணைக்கு மேட்டுக்குப் போவாள். துணி கிழிந்தது, கோழி காணாமல் போனது, எல்லாவற்றையும் அமோஸிடம் சொல்லிவிட்டு வருவாள்.

ஒரு காலை, குதிரை லாயம் வைத்திருந்த கிழவர் டோபியாஸ் க்ரம் வண்டியோடு வந்தார். வண்டியில் புதுப் பெட்டிகள் இரண்டு, பெரிதும் சிறிதுமாக.

"ஒரு வழியா வந்தீங்களே! குதிரைக்குக் கால் சரியாயிடுச்சா?" என்றாள் லொவினா.

"குதிரைக்கு என்னம்மா, கல்லு மாதிரி இருக்கு. எனக்குத்தான் கால் வரல." அவர் தொப்பியைக் கழற்றினார். "மேட்டுல புள்ளைய மட்டும் தோண்டுனாப் போதும், லொவினா."

"ஏன்? அவரு?"

"அவன் அங்க இல்லம்மா."

லொவினாவுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாள்.

"அந்தக் குளிர்ல மேடு இரும்பாக் கெடந்துச்சு. கடப்பாரையே வளைஞ்சு போச்சு. என் லாயத்துக்குப் பின்னால சாணிக்குவியல் இருந்த எடத்துல மட்டும்தான் மண்ணு இளகியிருந்தது. பனி கரைஞ்சதும் மாத்திக்கலாம்னு அங்க வெச்சோம். நீ எழுந்து கேட்டா காட்டறதுக்கு மேட்டுல ஒரு பலகை நட்டோம்."

"வசந்தத்துலயே மாத்தியிருக்கலாமே!"

"காய்ச்சல் கண்ட உடம்பத் தோண்டினா ஊருக்கே பரவும்னு டாக்டர் தடுத்துட்டாரு. அப்ப நீ புள்ளையக் கையில வெச்சுக்கிட்டு, அவரு பக்கத்துல வைங்கன்னு அழுத. எவன் வாயத் தொறப்பான்?"

"நீங்க தொறந்திருக்கணும். தெனம் உங்க லாயத்தத் தாண்டித்தானே போனேன். சாணிக்குவியல்னு மூக்கப் பொத்திக்கிட்டுப் போனேனே, பாவி மனுஷா!"

டோபியாஸ் வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

லாயம் போன வாரமே புது ஊருக்குப் போயிருந்தது. அதன் பின்னால் சாணி கிடந்த கறுத்த மண்ணில் கிழவர் தோண்டினார். வண்டிப் பலகை அடித்த பெட்டி வெளியே வந்தது. மூடியின் இடுக்கில் அவள் கல்யாணத்துக்குத் தைத்த போர்வையின் ஓரம் தெரிந்தது. லொவினா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தன்னை நினைத்து அவள் அழவில்லை. அவளுக்காவது அடுப்பும் கூரையும் இருந்தன. காற்றடிக்கும் அந்த மேட்டில் பச்சைக் குழந்தை ஒற்றையில் கிடந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தது வெறும் பலகை.

அமோஸைப் பெரிய புதுப் பெட்டிக்கு மாற்றி வண்டியில் ஏற்றினார்கள். மேட்டில் தோண்டும்போது கிழவரை விலகச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தானே எடுத்தாள். டோபியாஸ் சின்னப் பெட்டியைத் திறந்து காத்திருந்தார்.

"அது வேணாம். பெரிசத் தொறங்க."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாம்மா?"

"இவ தனியாக் கெடந்தது போதும்."

மறுநாள் குதிரைகள் வந்து அவள் வீட்டை இழுத்துக்கொண்டு முன்னால் போயின. லொவினா வீட்டில் ஏறவில்லை. பின்னால் வந்த வண்டியில் பெட்டியோடு உட்கார்ந்தாள். ஆறு வருஷம் அவள் சொன்ன எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஊர் எல்லை தாண்டியதும் மூடியின் மேல் குனிந்தாள்.

"அமோஸ், நமக்குப் பொண்ணு பொறந்திருக்கா" என்றாள்.