மூடியைப் போட்டால் ஏறும் முள்

1

இந்தக் கதை நானாக யோசித்தது அல்ல. கேட்டு வாங்கியது. லூசியானாவில் எங்கள் புல்தரை விமானத்தளத்தில், சனிக்கிழமைக் காலைச் சாப்பாட்டின்போது, அங்கே விமானம் ஓட்டும் வெண்டல் என் தட்டுக்குப் பக்கத்தில் விரல் நீள ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை வைத்தார்.

"நீ கதை எழுதுறவன்தானே? ஆல்சீட்கிட்ட நான் என்ன சொல்லணும்னு எழுதிக் குடு."

"நீங்களே போய்ச் சொல்லலாமே."

"அவன் வீட்டு வாசல் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன்பா. வண்டிய விட்டு எறங்க முடியல."

ஆல்சீட் அவருடைய தங்கை ஓடீலின் புருஷன். அவர்கள் பாஷையில் மாப்ள, மச்சான் என்ற சொற்கள் கிடையாது. ஆனால் அவர்கள் பேசிக்கொண்ட தோரணைக்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

2

தொடக்கம்: "வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்த ஒரு காலையில், வெண்டலின் விமானம்

(வேண்டாம். விமானக் கதை என்றால் வானத்தில்தான் தொடங்க வேண்டுமா?)

இன்னொன்று: "டர்போ என்பது யாதெனில்

(பாடப்புத்தகம். ஆனாலும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

மாப்பிள்ளையும் மச்சானுமாகக் கட்டிய இரண்டு இருக்கை விமானம் அது. எஞ்சின், பழைய காரிலிருந்து கழற்றிய சுழலி எஞ்சின். பிஸ்டன் இல்லை, உள்ளே ஒரு முக்கோணம் சுற்றும். எஞ்சின் விடும் புகை டர்போவைச் சுழற்றும், டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அளவுக்கு மேல் திணித்தால் எஞ்சின் நொறுங்கும். அதனால் மிஞ்சிய புகையை வெளியே விட ஒரு சின்னக் கதவு. அழுத்தம் ஏறிவிட்டது என்று அந்தக் கதவுக்குச் சேதி கொண்டுபோவது ஒரு மெல்லிய ரப்பர் குழாய்.

சுழலி எஞ்சினின் புகைக்கு அந்தக் கதவு பத்தாது. ஆல்சீட் ஓட்டையைப் பெரிதாக்கி, கதவைத் தாங்கப் புது இரும்புச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்தார். குழாயை வாங்கி மாட்டியது வெண்டல்.

3

மேலே ஏறும்போது அழுத்தமானியின் முள் சிவப்பைத் தாண்டும். வெண்டல் விசையைக் குறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். தரையில் விமானத்தின் வாலைப் பிக்கப் வண்டியோடு கட்டி, எஞ்சினை மறைக்கும் மூக்கு மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை முறுக்கினால், முள் சமர்த்தாக நிற்கும்.

எங்கள் வழக்கம் அது. யார் விமானத்தில் கோளாறு என்றாலும் முதலில் மூடி கழலும். காபியோடு சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வோம்.

"உன் பத்தவைப்புதான் மாப்ள. சூட்டுல கோணிக்கிட்டு கதவப் பிடிக்குது."

"கோணல மச்சான். அளந்து பாரு."

"கை நடுங்குறவன் வச்சத அளந்து வேற பாக்கணுமா?"

இரண்டொருவர் சிரித்தார்கள். வெண்டல் கிரைண்டரை எடுத்து, எல்லோர் முன்னாலும் அந்தச் சட்டத்தை அறுத்துத் தள்ளினார். ஆல்சீட் தன் கைகளை உற்றுப் பார்த்து, கலங்கிய கண்களுடன்

(பொய். அவர் காபியைக் குடித்து முடித்தார், கோப்பையைக் கழுவி வைத்தார், போய்விட்டார்.)

4

வெண்டலைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மேலே போகும்போது பக்கத்தில் உட்காரப்போகிறவர் ஆல்சீட்தான். அந்தப் பயத்தில்தான் நாக்கு அப்படிப் போனது என்று நினைக்கிறேன். பயந்தவன் பேச்சும் வலிக்கத்தான் செய்யும்.

வெளியூர்க்காரர் ஒருவர் புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தார். முள் மறுபடியும் ஏறியது.

பிறகு மே மாதம். ஜோடி ஜோடியாக ஒட்டிப் பறக்கும் கறுப்புப் பூச்சிகள்* எங்கும் மொய்த்தன. எஞ்சினில் அப்பாமல் இருக்கட்டும் என்று வெண்டல் மூடியைக் கழற்றாமலே தரையில் முறுக்கினார். முள் சிவப்புக்குப் போனது. நிறுத்திவிட்டு, கை சுடச்சுட மூடியைத் திறந்தார். ரப்பர் குழாயில் ஒரு கீறல் வாய் பிளந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆற ஆற, அது மூடிக்கொண்டது.

மூடிக்குள் சூடு அடைந்தால்தான் அந்தக் கீறல் திறக்கும். சேதி பாதி வழியிலேயே கசிந்துபோகும், கதவு திறக்காது. நாங்கள் அத்தனை பேரும் மூடியைத் திறந்து திறந்து தேடினோம். திறந்ததனால்தான் அது தெரியவில்லை.

அன்றைக்கே ஓடீல் வெண்டலிடம் போனில் சொன்னாள்: "அவரு பத்தவைக்கிற மெஷின வித்துட்டாருண்ணே. 'என் கை போச்சு'ங்கிறாரு. வாசக் கதவு கீலு உடைஞ்சதுக்குக்கூட ஆளக் கூப்பிடுறாரு."

* ஊரார் இவற்றைக் காதல் பூச்சி என்கிறார்கள். உவமைக்குத் தோதாக இருந்தும் விட்டுவிட்டேன்.

5

முடிவு ஒன்று. ஆல்சீட் சிரித்து, மச்சானைக் கட்டிக்கொள்கிறார். (அவர் யாரையும் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு. விமானம் விழுகிறது. (ஒருவரைக் கொன்று இன்னொருவரை மன்னிக்கவைப்பது எங்கள் தொழிலின் சோம்பேறித்தனம்.)

முடிவு மூன்று. வெண்டல் குழாய்த் துண்டை நீட்டி, "மாப்ள, உன் கையில ஒண்ணும்

(இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.)

6

இதுவரை எழுதியதை அவர்கள் பாஷையில் வெண்டலுக்குச் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் கேட்ட அந்த ஒரு வாக்கியத்தை நான் எழுதியிருக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுலயும் நான் வண்டிய விட்டு எறங்கலையே?"

"எறக்கிப் பாத்தேன். வரல."

"எனக்கும் அதேதான்." குழாய்த் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பிக்கப் தளத்தின் வாசலைத் தாண்டி ஆல்சீட் வீட்டுப் பக்கமாகத்தான் திரும்பியது. மளிகைக் கடையும் அந்தப் பக்கம்தான். இந்நேரம் ஏதோ ஒரு வாசலில் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். அது ஆல்சீட் வீட்டு வாசலாக இருந்தால், வாசிக்கிற நீங்கள் யாராவது அவரைக் கீழே இறக்கிவிடுங்கள்.