ஒரே ராத்திரி

சின்னண்ணனின் நகக்கண்ணில் ஏறியிருந்த கிரீஸ் மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை. தங்கை பஞ்சை மறுபடி நனைத்து, குளிர்ந்துபோன அந்தக் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரியண்ணன் உள்ளே வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பின்னால் கேமராவோடு ஒருவன். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்கிறவர். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருமுறை எட்டிப்பார்த்தார். "விசுவாசம் இருந்தா எந்திரிச்சு நடப்பான்" என்று, நோயின் பழியையும் நோயாளி தலையிலேயே கட்டிவிட்டுப் போனார்.

"கூட்டம் வந்தாச்சா?" என்றார் இப்போது.

"பொணம் வந்தாச்சு" என்றாள் அவள்.

சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்ததும் அவர் தொண்டையைத் திறந்தார். அவருக்குச் சாதாரணமாகப் பேசவே வராது. குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் மைக்கில் கேட்பது போலிருக்கும்.

"என் தம்பி ரவுடியா திரிஞ்சவன்! லாரிப் பட்டறையில அவன் கைபடாத கன்னம் கிடையாது! ஒரு நாள் ராத்திரி இவன் தலைமேல கைவெச்சு ஜெபிச்சேன். ஒரே ராத்திரி! காலையில புது மனுஷன்!"

"அல்லேலூயா" என்று கூட்டம் முனகியது.

அவளுக்கு வாய் கசந்தது. அந்த ராத்திரிக்கு மறுநாள்தான் சின்னண்ணன் ஒரு டிரைவரின் பல்லை உடைத்தான். சின்னண்ணி துணிமணியைத் தூக்கிக்கொண்டு அவனை விட்டுப் போனது அதற்கும் பிறகு. அவள் போன பின்தான் அவனாகவே வேதப்புத்தகத்தை எடுத்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பான். நாலு வசனம் தாண்டுவதற்குள் தூங்கிவிழுவான். "பட்டறைக்காரனுக்குப் பரலோகமா?" என்று இவளே சிரித்திருக்கிறாள். அவன் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். வருஷக்கணக்கில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் கெட்டவார்த்தை ஒன்று பாதியில் நின்றது. இன்னும் வெகுநாள் கழித்து, ஓங்கிய கை தானாக இறங்கி, ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனது.

"தங்கச்சி சாட்சி சொல்லுவா! கூடவே இருந்தவ!"

கேமரா அவள் பக்கம் திரும்பியது. அவள் எழுந்தாள்.

"ஒரு ராத்திரியில ஒண்ணும் நடக்கலண்ணே. ரொம்ப வருஷம் ஆச்சு. இன்னும் முடியக்கூட இல்ல. படுக்கையில விழுறதுக்கு மொத வாரம்கூட, உப்பு இல்லன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சாரு."

யாரோ இருமினார்கள்.

"அப்புறம் அவரே முட்டி போட்டு சோத்தைப் பொறுக்கினாரு. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. அவ்ளோதான் சாட்சி."

"ஆமென்!" என்று பெரியண்ணன், பொங்குகிற பாலை மூடி போட்டு அடக்குகிறவர் போல அவசரப்பட்டார். "அதை மட்டும் வெட்டிடு" என்று கேமராக்காரனிடம் கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசுப்பும் தெருவரை கேட்டது.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசலாமா? ஊழியத்துக்கு எவ்ளோ இடறல்! உனக்கு விசுவாசம் பத்தாதும்மா. சரி, டீ கொண்டா."

அவள் கொதிக்கிற கெட்டிலோடு வந்து நின்றாள். எல்லார் காலிலும் கல்லறை மண் ஒட்டியிருந்தது. அவர் காலணி மட்டும் பளபளத்தது. நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. கையிலிருந்த கெட்டிலின் மூடி கிடுகிடுத்தது.

"என்ன பாக்குற? ஊத்து."

மூடியின் ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு கோப்பையின் விளிம்பு தளும்பாமல் ஊற்றினாள்.

"சர்க்கரை போதுமாண்ணே?"