துடைத்த இடம்

ஜுசாரா எழுதிய திருத்தத்துக்கு ததேயுவின் சம்மதம் காலையில் வந்தபோது அவர் அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். சம்மதம் வந்தது மின்மடல் குழுவில். மூன்று மாதமாக அவர் போட்ட எதிர்ப்புகளும் அங்கேதான் வந்தன. உலகமெங்கும் சிதறிக் கிடந்து ஒரே இயங்குதளத்தை எழுதுகிறவர்களின் வழக்கம் அது. குழுவில் எழுதாத பேச்சு, பேசாத பேச்சு. அதனால் பிரேசிலில், குரிச்சீபா நகரின் அந்தச் சின்ன அலுவலகத்தில், ஒரே மேசையின் இரு பக்கமும் இருந்துகொண்டு இருவரும் ஊர் பார்க்கச் சண்டை போட்டார்கள். வாயால் பேசியதெல்லாம் மழையும் கால்பந்தும்தான்.

இப்போதும் அவர், "வெளியில தூறுது. குடை கொண்டாந்தியாம்மா?" என்றுதான் கேட்டார்.

"இந்த ஊர்லயே பொறந்துட்டு குடை இல்லாம வருவனா?"

அவள் மல்லுக்கட்டியது ஒரு வீண்வேலையை ஒழிக்க. ஒரு நிரல் விட்டுப்போன நினைவகத்தை அடுத்ததற்குக் கொடுக்குமுன் துடைக்க வேண்டும், விடுதி அறையைப் போல. இயங்குதளமோ நிரல் விட்டதும் ஒருமுறை, கொடுக்கும்போது மறுமுறை என்று துடைத்துக்கொண்டிருந்தது. துடைத்ததும் ஒரு குறி வைப்போம், குறி இருந்தால் மறுபடி தொடவேண்டாம் என்றாள். எல்லோரும் பாராட்டினார்கள். ததேயு மட்டும் "குறி பொய் சொன்னால்?" என்று நோண்டிக்கொண்டே இருந்தார். இன்று அவரே இறங்கி வந்துவிட்டார். இந்த வெளியீட்டுச் சுற்றிலேயே திருத்தம் அவள் பெயரோடு உள்ளே போய்விடும். இத்தனை வருஷம் அடுத்தவர் பிழையைத் திருத்தியே காலம் தள்ளியவளுக்கு இதுதான் முதல் சொந்தக் காரியம். சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு வந்தால், காலையிலிருந்து ஓடவிட்ட சோதனை நின்றிருந்தது. புதிதாகக் கொடுத்த இடத்தில் வெறும் பூஜ்யங்கள் இருக்கவேண்டும். போர்த்துகீசியத்தில் ஒரு வாக்கியம் இருந்தது.

"இன்னிக்கும் அந்தக் கெழட்டுக் கழுத ஒத்துக்கலைன்னா, தலையில காப்பியக் கொட்டிருவேன் வல்மோர்."

காலையில், சம்மதம் வருமுன், புருஷனுக்கு அவள் அடித்த செய்தி. துடைத்துக் குறி வைத்த பிறகும் அறையைக் காலிசெய்த பழைய நிரல் சாவியோடு உள்ளே வந்து எழுதிவிட்டுப் போக ஒரு சந்து இருந்திருக்கிறது. இன்றைக்கு அவள் வசவு. நாளைக்கு யாருடைய கடவுச்சொல்லோ.

யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் திருத்தம் உள்ளே போய்விடும். அப்புறம் சத்தமில்லாமல் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். அப்படியும் நினைத்தாள், வெட்கமாக இருந்தது. பின்வாங்குவதென்றால் சான்றை உள்ளபடியே காட்டவேண்டும். கைவைத்து மாற்றிய சான்றை அந்தக் குழுவில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். இந்தப் பிழை மறுபடி எப்போது சிக்குமோ, அதுவும் தெரியாது. போர்த்துகீசியம் தெரிந்தவர்கள் அங்கே சிலரே. அதில் ஒருவர் எதிரில் இருந்தார்.

பின்வாங்குகிறேன், காரணம் கீழே என்று எழுதி, அந்த வரியை அப்படியே ஒட்டி அனுப்பினாள். மூன்று மாதமும் போயிற்றே என்று கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

எதிர்ப்பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. ததேயு விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குழுவில் பதில் வந்தது. கசிவு உறுதி, என் சம்மதத்தையும் திரும்பப் பெறுகிறேன் என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழே, உலகமே பார்க்க, போர்த்துகீசியத்தில் இன்னொரு வரி.

"சக்கரை போடாத காப்பியா ஊத்தும்மா. சக்கரை போட்டா பிசுபிசுன்னு ஒட்டும்."

ஜுசாரா மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். திரைகளுக்கு மேலே அவருடைய வழுக்கை மட்டும் தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது.