படிக்கட்டுச் சுவரின் ஏழு படங்கள்

மார்ச் 3, திங்கட்கிழமை, காலை பத்து மணி. நான்காவது மாடிப் படிக்கட்டுச் சுவரில் இருந்த விரிசலின் நீளம் ஒன்றரை மீட்டர்.

வாரம் ஒருமுறை, அதே இடத்தில் நின்று அதைப் படமெடுத்துத் தரும் வேலை புகைப்படக்காரருக்கு வந்தது. கட்டடப் பொறியாளர் படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, சுவர் நகர்கிறதா என்று பார்ப்பார். நகர்ந்தால் கட்டடத்தில் உள்ள இருபத்துநான்கு குடும்பங்களும் காலி செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று புகைப்படக்காரரின் அக்கா குடும்பம். முன்னறையில் இரண்டு தையல் மெஷின். அவளிடம் துணி கொடுப்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கட்டடத்துக்காரர்கள்தான்.

படிக்கட்டு குறுகல், விரிசலோ நெட்டுக்குத்து. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பித்தான் எடுக்க முடியும். முக்காலியின் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தார். கனமான லென்ஸோடு கேமரா ஒற்றைத் திருகில் வெளியே தொங்கியது. வழுக்காமலிருக்க ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து இடையில் செருகினார். இருபது வருடப் பழக்கம். ஆட்களைப் படமெடுக்க அது போதுமாயிருந்தது.

நான்கு படங்களுக்குப் பிறகு பொறியாளர் கூப்பிட்டார். விரிசல் மட்டுமல்ல, கதவு நிலையும் தண்ணீர்க் குழாயும்கூடப் படத்துக்குப் படம் சாய்ந்திருந்தன.

"சுவர் நகருதா, உங்க கேமரா நகருதான்னே எனக்குத் தெரியல."

இவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எழுதியும் அனுப்பினார். கட்டடத்தில் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டைக் காப்பாற்றியது மச்சானின் பஸ் டிக்கெட்தான் என்று அக்காவின் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

புகைப்படக்காரர் கடைக்குப் போய் எல் வடிவத் தாங்கி ஒன்று வாங்கினார். கேமராவின் அடியையும் ஒரு பக்கத்தையும் அணைத்துப் பிடிக்கும் கனத்த அலுமினியம். அந்தப் பக்கத்தை முக்காலியில் பூட்டினால் கேமரா செங்குத்தாகவே நடுவில் உட்காரும். பாரம் நேராகக் கீழே இறங்கும்.

மறு திங்கள் அதைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வாசலுக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடா. இது எதற்கு என்று கேட்டாள். சொன்னார்.

"பழைய மாதிரியே எடுத்தா என்னடா?"

"எடுத்தா ஒண்ணும் தெரியாதுக்கா."

"தெரியாத வரைக்கும் இங்க இருக்கலாம்ல."

அவர் லென்ஸின் முனையை விரலால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"இந்தப் படியில ஒரு நாளைக்கு எத்தன தடவ ஏறி இறங்குற?"

"யாரு எண்ணினா," என்றாள் அக்கா. உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை காத்திருந்து படமெடுத்தார்.

அதற்கடுத்த இரண்டு திங்களும் எடுத்தார். புதிய படங்கள் மூன்றிலும் கதவு நிலை கதவு நிலைமேலும், குழாய் குழாய்மேலும் பிசகாமல் படிந்தன. விரிசலின் வலது விளிம்பு மட்டும் மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

ஏப்ரல் 22 அன்று உத்தரவு வந்தது. மே 6-க்குள் இருபத்துநான்கு வீடுகளும் காலியாயின. தையல் மெஷின்களைப் புகைப்படக்காரரும் அக்காவின் கணவரும் ஒவ்வொன்றாக அந்தப் படிக்கட்டு வழியாகவே இறக்கினார்கள்.