பதினேழாம் நம்பர் கண்ணாடி

இருநூற்று ஐம்பது டிகிரியில் மூன்று மணி நேரமாக வெந்தும் பதினேழாம் நம்பர் கண்ணாடித் துண்டு கொஞ்சமும் மாறவில்லை. மெஷினின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்து வைத்து நிர்மலாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

மாறியிருக்க வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் மெக்னீசியத்தை முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிசாகப் பூசினால் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஹைட்ரஜன் கொடுத்தால் குடித்துவிட்டு, அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி தெளிந்துவிடும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடேற்றினால் குடித்ததைக் கக்கி மறுபடி பளபளக்கும். நாளைக்கு வண்டிக்கு வேண்டிய ஹைட்ரஜனை உலோகத்திலேயே அடைத்து வைக்கலாம் என்று ஊர் உலகமெல்லாம் இதன் பின்னால் ஓடுகிறது. அரூர் ரோட்டில் இருக்கும் இந்தத் தனியார் கல்லூரியும் ஒரு பழைய பூச்சு மெஷினை வைத்துக்கொண்டு கூடவே ஓடியது.

பதினேழுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மற்றதற்கெல்லாம் மேலே பல்லேடியம் என்ற விலை கூடின உலோகத்தை ஒரு பூச்சு பூசினால்தான் ஹைட்ரஜன் உள்ளே போகும். பதினேழு அது இல்லாமலே தெளிந்துவிட்டது. துறைத்தலைவர் பிரபாகர் அன்றைக்கு எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். துண்டுக்குக் குங்குமம் வைத்து, ஈரம் படாத ஜாடியில் பூட்டினார். ராசியான சாம்பிள், யாரும் தொடக்கூடாது. அதைக் காட்டித்தான் புதன்கிழமை வரும் கமிட்டியிடம் புது மெஷினுக்குப் பணம் கேட்கப் போகிறார்கள். அதைப் பற்றி இருவர் பேரிலும் ஒரு ஆராய்ச்சி பேப்பர் வெளிவந்துவிட்டது. பிரபாகரை வழிகாட்டியாகக் கொண்டு நிர்மலா எழுதும் தீசிஸும் அதுதான். பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. ஜூனுக்குள் டாக்டர் பட்டம் வாங்காவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கக்குகிற அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தது. அதற்காகத்தான் பிரபாகரிடம் கெஞ்சி ஜாடிச் சாவியை வாங்கினாள்.

நோட்டைப் புரட்டினாள். பதினேழைப் பூசிய தேதியில் விரலை வைத்தாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள். பல்லேடியம் கம்பி தீர்ந்துபோயிருந்தது. லீவு முடிந்து பூசிக்கொள்ளலாம் என்று துண்டைக் காற்று உறிஞ்சிய மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு மாமியார் ஊருக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

லேப் உதவியாளர் மாதுவைக் கூப்பிட்டாள்.

"மாது, பூஜையன்னைக்கு இந்த மெஷின என்ன பண்ண?"

"ஜோரா பண்ணிட்டங்க மேடம். பொட்டு வெச்சு, ஜன்னல்ல விபூதிப் பட்டை போட்டு... அன்னைக்கு ஒரு நாளாச்சும் அதுக்கு ரெஸ்ட் குடுக்கணுமில்லீங்களா? பம்ப அமத்திட்டேன்."

"கதவத் தொறந்தியா?"

"தொறக்காம எப்பிடிங்க? வெளிய மட்டும் பளபளன்னு இருந்து உள்ள அழுக்கா கெடந்தா சாமி ஏத்துக்குமா? ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி, மாவெலயில தொட்டு உள்ளாற நாலு தெளி. அப்பறம் மூடிட்டேன்."

"உள்ளார இருந்த துண்ட பாக்கலியா?"

"பாத்தங்க. அதுக்கும் சேத்துத்தான் தெளிச்சேன். பாவம், அதும் ஒழைக்குதில்ல?"

நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஈரத்தில் மூன்று நாள் கிடந்தால் மெக்னீசியம் தண்ணீர் ஊற்றிய சுண்ணாம்பு மாதிரி வேறு பொருளாகிவிடும். அதுவும் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பி வராது. லீவு முடிந்து வந்த பிரபாகர் ஜன்னலில் விபூதிப்பட்டை இருந்ததால் உள்ளே எட்டிப் பார்க்காமலே ஹைட்ரஜனைத் திறந்துவிட்டிருக்கிறார். மறுநாள் கதவைத் திறந்தால் அதிசயம்.

அவள் போய்ச் சொன்னதையெல்லாம் பிரபாகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"திரும்பி வரும்னு நாம பேப்பர்ல எங்கம்மா எழுதியிருக்கோம்?"

"உள்ள போயிருக்குன்னு எழுதியிருக்கோமே சார். போனது தண்ணி."

"புதன்கெழம முடியட்டும். ஒன் தீசிஸும் இதுலதான் நிக்குது, மறந்துடாத. எனக்காகவா சொல்றேன்?"

இரண்டு ராத்திரி அவள் சரியாகத் தூங்கவில்லை. கணவன் தர்மனிடம் சொன்னபோது, "வாய மூடிக்கிட்டு பட்டத்த வாங்கு. பன்னெண்டு வருசம் பொறுத்தவ ஆறு மாசம் பொறுக்கமாட்டியா?" என்றான். தப்பாகவும் சொல்லவில்லை. மூடிக்கொள்வது என்றுதான் அவளும் முடிவு செய்திருந்தாள்.

புதன்கிழமை கமிட்டியில் நான்கு பேர். மூன்று பேர் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான்காவதாக வந்த அம்மா துண்டை நிர்மலாவிடமே நீட்டி, "இது திரும்ப பளபளன்னு ஆயிடுமாம்மா?" என்று கேட்டார்.

ஒரே ஒரு 'ஆகும்ங்க' போதும். வாய் வரை வந்தது.

"ஆகாதுங்க. சூடு பண்ணிப் பாத்துட்டேன். இது ஹைட்ரஜன் குடிக்கல, ஈரம் பட்டது."

பிரபாகர் ஒரு நொடிதான் திகைத்தார். அடுத்த நொடி முகத்தில் வருத்தம் வந்து உட்கார்ந்தது.

"இத நானே ஒங்ககிட்ட சொல்லணும்னுதாங்க இருந்தேன். சாம்பிள் செஞ்சது இவங்க. பாதியில உட்டுட்டு லீவுல போயிட்டாங்க. திங்கக்கெழமயே நான் கண்டுபுடிச்சிட்டேன். இந்தப் பழைய மெஷின வெச்சிக்கிட்டு இப்பிடித்தாங்க ஆகுது. புதுசு இருந்தா ஏன் ஆகப்போவுது?"

தப்பை மறைக்காமல் சொன்னதற்காகக் கமிட்டித் தலைவர் பிரபாகரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பணம் வந்தது. பேப்பரைத் திரும்பப் பெற்ற கடிதத்தில், மாணவியின் கவனக்குறைவு என்று ஒரு வரி இருந்தது. அவளுக்கு வழிகாட்டியாகத் தொடர இயலாது என்று பிரபாகர் எழுதிக் கொடுத்ததும் ஒரு வரிதான். ஜூன் முப்பதாம் தேதி அவள் சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்தபோது, புது மெஷின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் நின்றிருந்தது.

மாது வாசலிலேயே மறித்தான். "மேடம், தண்ணி தெளிச்சது நானுங்க. போயி சாருகிட்ட சொல்லிப்புடட்டுங்களா?"

"நான் சொல்லி அவருக்கு அன்னைக்கே தெரியும் மாது. நீ சொன்னா ஒன்னையும் அனுப்பிடுவாரு. பேசாம இரு."

மாது தலையைச் சொறிந்தான். கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. "புது மெஷினுக்குப் பொட்டு வைக்கச் சொன்னாருங்க சார். வைக்கட்டுங்களா?"

நிர்மலா சாவிக்கொத்தை மேஜையில் வைத்தாள்.

"வை. ஜன்னல்ல மட்டும் வெச்சிடாத."